முதல் செலவு நாற்காலி நேரத்துக்கு

எழுபது, எண்பதாயிரம் ரூபாய்க்குள் ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய வேண்டும். அதில் வீடியோவும் எடிட் செய்ய வேண்டும், கேமும் ஆட வேண்டும். இந்தத் தேவையோடு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏறி இறங்கினாலும் சரி, யூடியூப் விமர்சனங்களைப் பார்த்தாலும் சரி, முதலில் காதில் விழுவது ரெண்டர் கணக்குதான்: இந்த பிராசஸரில் இத்தனை நிமிடம், அந்த பிராசஸரில் இத்தனை நிமிடம். கணக்கு பொய்யில்லை. ஆனால் அளவான பணத்தோடு வருபவர் அதை மட்டும் நம்பினால் காசு தப்பான பாகத்துக்குப் போய்விடும். எடிட்டிங்கில் இரண்டு வகை நேரம் உண்டு. மவுஸைப் பிடித்துக்கொண்டு டைம்லைனில் வெட்டி ஒட்டும் நேரம் ஒன்று. எக்ஸ்போர்ட் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போகும் நேரம் இன்னொன்று. கேமில் இந்த இரண்டாவது வகையே கிடையாது, முழுக்க நாற்காலியில்தான். ஆகவே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தைச் சிரமமில்லாமல் ஆக்கும் பாகங்களுக்கே முதல் செலவு. நாம் எழுந்து போன பிறகு நடக்கிற வேலை கொஞ்சம் மெதுவாக நடந்தால் நடந்துவிட்டுப் போகட்டும். இந்த இயலில் பாகங்களைத் தேர்ந்தெடுப்பது இந்த அளவுகோலின்படிதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து நிமிட வீடியோ ஒன்றை ஆறு கோர் பிராசஸர் ஒன்பது நிமிடத்தில் எக்ஸ்போர்ட் செய்கிறது, அதைவிடப் பல ஆயிரம் ரூபாய் கூடுதலான பன்னிரண்டு கோர் பிராசஸர் ஆறு நிமிடத்தில் முடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் மூன்று நிமிடம், அதுவும் ஒரே ஒரு முறை. அதே வீடியோவை வெட்ட ஐந்து மணி நேரம் உட்கார வேண்டியிருந்தால், ஒவ்வொரு முறை பிளேஹெட்டை நகர்த்தும்போதும் அரை விநாடி திக்கினால் என்ன ஆகும் என்பதை எடிட் செய்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. போதாததற்கு, எச்.264, எச்.265 வடிவில் வெளியே எடுக்கும்போது அந்த வேலையைக் கிராபிக்ஸ் கார்டுக்குள் இருக்கும் என்கோடர் சிப்பிடமே விட்டுவிடலாம். அப்போது கோர்களின் எண்ணிக்கை தரும் அந்த மூன்று நிமிட லாபமும் சுருங்கிப்போகும். பெரிய பட்ஜெட்காரர் இரண்டையும் வாங்கட்டும். இந்த நூல் அவருக்காக எழுதப்படவில்லை.

டைம்லைன் ஏன் திக்குகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மற்ற முடிவுகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன. போனும் கேமராவும் இன்று பெரும்பாலும் பதிவது எச்.264 அல்லது எச்.265 வடிவில். விநாடிக்கு 25 ஃபிரேம் எடுத்தாலும் இருபத்தைந்தும் முழுப் படங்களாகச் சேமிக்கப்படுவதில்லை. ஒரு ஃபிரேம் முழுதாக இருக்கும். அதை அடுத்து வருபவற்றில் எது எங்கே மாறியது என்ற குறிப்பு மட்டும் இருக்கும். நேராக ஓடவிட்டுப் பார்க்கும்போது இதனால் தொல்லை இல்லை. எடிட்டர் பார்ப்பது அப்படியல்ல. வெட்டு சரியாக விழ இடது அம்புக்குறியை ஒரு தட்டு தட்டி ஒரு ஃபிரேம் பின்னால் போகிறார். அது அந்தத் தொகுப்பில் இருபத்து நான்காவது ஃபிரேம் என்றால், முதல் முழு ஃபிரேமுக்குப் போய், நடுவில் அது சார்ந்திருக்கும் ஃபிரேம்களை எல்லாம் விரித்து, அப்புறம்தான் அந்த ஒரு படத்தைத் திரையில் காட்ட முடியும். இன்னொரு தட்டு தட்டினால் மறுபடி அதே வேலை. மூன்று கேமரா காட்சிகளை அடுக்கி மல்ட்டிகேம் எடிட் செய்தால் மூன்று மடங்கு. இந்த விரித்தெடுக்கும் வேலைக்குத்தான் டீகோடிங் என்று பெயர். இதற்கென்றே தனியாக ஒரு சர்க்யூட் கிராபிக்ஸ் சிப்புக்குள் இருக்கிறது. அந்த சர்க்யூட்டுக்கு உங்கள் கோப்பின் வடிவம் தெரிந்திருந்தால் வேலை நொடியில் முடியும். தெரியாவிட்டால் முழுச் சுமையும் பிராசஸர் தலையில் விழுந்து டைம்லைன் திக்கும். கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு விலை என்பதற்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை.

எந்த வடிவம் என்பதைத் தீர்மானிப்பது உங்கள் கேமரா. போன்களும் கோப்ரோ போன்ற சின்ன கேமராக்களும் வழக்கமாகப் பதிவது 4:2:0 என்ற வகை. நிறத் தகவல் அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைக்கப்பட்டிருக்கும். சமீபத்தியக் கார்டுகள் எல்லாமே இதைத் திறக்கும். கல்யாண வீடியோகிராபர்கள் கையில் இருக்கும் சோனி ஏ7 4, கேனான் ஆர்6 போன்றவை 10 பிட் 4:2:2 வகையிலும் பதியக்கூடியவை. நிறம் அகலத்தில் மட்டும்தான் பாதி என்பதால் கலர் கிரேடிங்கில் அதிகம் தாங்கும்; அதனால்தான் தொழில் செய்பவர்கள் அதை விரும்புகிறார்கள். எச்.265 10 பிட் 4:2:2 கோப்பை இன்டெல் 11-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் முதல் உள்ளே இருக்கும் சாதாரண கிராபிக்ஸே திறந்துவிடுகிறது. என்விடியாவில் 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முன்னால் எந்தக் கார்டிலும் இந்த வசதி கிடையாது. ஆர்டிஎக்ஸ் 4090-இலும் கிடையாது. விலை கொட்டி வாங்கிய கார்டு செய்யாததை ஐ5 பிராசஸரின் உள் கிராபிக்ஸ் செய்கிறது என்பது முதலில் கேட்பவருக்கு நம்ப முடியாததாக இருக்கும். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அதே 4:2:2-ஐ கேமராவில் எச்.264 வடிவில் பதிந்தால் இன்டெலின் சர்க்யூட் கைவிட்டுவிடும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசை திறக்கும். எனவே சோனி வைத்திருப்பவர்கள் மெனுவில் எக்ஸ்ஏவிசி எஸ் (எச்.264), எக்ஸ்ஏவிசி எச்எஸ் (எச்.265) என்ற இரண்டில் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைக்கூட கம்ப்யூட்டர் வாங்கும் முன் பார்த்துக்கொள்வது நல்லது.

பிராசஸருக்கு வரலாம். இந்தப் பட்ஜெட்டில் என் தேர்வு 2022 தொடக்கத்தில் வந்த இன்டெல் ஐ5-12400: ஆறு கோர், பன்னிரண்டு திரெட், டிடிஆர்4 போர்டிலும் ஓடும், டிடிஆர்5 போர்டிலும் ஓடும். கடையில் 12400எஃப் என்று இதையே கொஞ்சம் மலிவாகக் கொடுப்பார்கள். அந்த எஃப் எழுத்துக்குப் பொருள் உள் கிராபிக்ஸ் இல்லை என்பது. கேம் மட்டும் ஆடுபவருக்கு எஃப் நல்ல பேரம். 4:2:2 கேமரா வைத்திருந்து, ஆர்டிஎக்ஸ் 50 அல்லது இன்டெல் ஆர்க் கார்டும் வாங்கப் போவதில்லை என்றால், அந்தச் சின்ன மிச்சம் டைம்லைனையே காவு வாங்கிவிடும். 13, 14-ம் தலைமுறைகளின் பல மாடல்களில் மின்னழுத்தக் கோளாறால் சிப் நிலைகுலைந்த விவகாரம் 2024-ல் வெளியே வந்து, இன்டெல் மைக்ரோகோட் திருத்தம் கொடுத்து வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. 12-ம் தலைமுறை அந்தப் பட்டியலில் இல்லை. பழையது என்று யாராவது முகம் சுளித்தால் சொல்ல இதுவும் ஒரு பதில்.

ஏஎம்டி பக்கம் நிற்பவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள், நியாயமாகவே. ரைசன் 5 7600 கேமில் 12400-ஐவிட வேகமானது. அது உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையாவது புதிய பிராசஸர்கள் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட்டோ 14-ம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. போனில் எடுத்த வீடியோவும் கேமும்தான் உங்கள் உலகம் என்றால் இந்த வாதத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை, ரைசனையே வாங்குங்கள். ஆனால் ஏஎம்5-க்கு டிடிஆர்5 கட்டாயம். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் மெமரி விலை தாறுமாறாக ஏறியது. அந்த ஆண்டு டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் குருஷியல் என்ற தன் சில்லறை விற்பனைப் பிராண்டையே மூடுவதாக அறிவித்தது. இந்த நூலில் பாகங்களின் ரூபாய் விலைகளைத் தவிர்த்திருப்பதற்கும் அதுதான் காரணம், அச்சேறும் முன்பே பழசாகிவிடும். ஏற்கெனவே டிடிஆர்4 ரேம் கையில் வைத்திருப்பவருக்கு இன்டெல் போர்டு இன்று பெரிய மிச்சம். ரைசனுக்குள் இருக்கும் சிறிய கிராபிக்ஸுக்கு 4:2:2 திறக்கத் தெரியாது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. பிராக்ஸி என்று ஒரு வழி இருக்கும்போது இந்த டீகோடர் ஆராய்ச்சியெல்லாம் எதற்கு? 4கே கோப்புகளுக்குப் பதிலாக, எளிதில் விரியும் வடிவில் சிறிய நகல்களைத் தயார் செய்து அவற்றை வைத்து வெட்டிவிட்டு, கடைசியில் அசலுக்கு மாறிக்கொள்ளலாமே? மாறிக்கொள்ளலாம். பிராக்ஸி எடுப்பது ராத்திரி நீங்கள் தூங்கும்போது நடக்கிற வேலை. நாற்காலி நேரத்துச் சுமையைத் தூக்கி நாம் இல்லாத நேரத்தில் வைக்கிறது என்பதால் இந்த இயலின் வாதத்துக்கு அது பக்கபலமே. தாராளமாகப் பயன்படுத்துங்கள், அப்போது எஃப் பிராசஸர் வாங்கி மிச்சத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடுவதும் சரியே. ஆனால் அதற்கு இரண்டு விலை உண்டு. ஒன்று இடம்: விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதியும் கேமரா மணிக்கு 45 ஜிபி எழுதும், மூன்று கேமராவில் ஐந்து மணி நேர முகூர்த்தம் என்றால் 675 ஜிபி, அதற்கு மேல் பிராக்ஸிக்கும் இடம் வேண்டும். இன்னொன்று அவசரம்: காலையில் தாலி கட்டி மாலை வரவேற்பில் ஹைலைட்ஸ் ஓட வேண்டும் என்று கேட்கும் வீட்டாருக்கு பிராக்ஸி முடியும்வரை காத்திருக்கப் பொறுமை இருக்காது.

எடிட்டிங் சாஃப்ட்வேரும் இதில் ஒரு கட்சி. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு மிக நல்லது, 4கே யுஎச்டி வரை வெளியே எடுக்கலாம். ஆனால் 10 பிட் 4:2:2 கோப்புகளுக்கு டீகோடர் சிப்பின் உதவி 295 டாலர் விலையுள்ள ஸ்டூடியோ பதிப்பில்தான் கிடைக்கும். லினக்ஸில் இலவசப் பதிப்பு எச்.264, எச்.265 கோப்புகளை ஏற்பதே இல்லை. லினக்ஸ் ஆர்வலர்கள் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். அடோப் பிரீமியர் குவிக் சிங் எனப்படும் இன்டெலின் வீடியோ சர்க்யூட்டை நன்றாகவே பயன்படுத்தும், ஆனால் மாதச் சந்தா.

கிராபிக்ஸ் கார்டுதான் பட்ஜெட்டில் பெரிய பங்கு கேட்கும். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கொடுக்கலாம். விநாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிடைப்பது 16.7 மில்லிவிநாடி. சராசரி எண் நன்றாக இருந்தும் நடுநடுவே ஒரு ஃபிரேம் 50 மில்லிவிநாடி எடுத்தால் துப்பாக்கி குறி தவறும். இந்தத் திடீர் இழுப்புக்கு அடிக்கடி காரணமாக இருப்பது கார்டின் மெமரி நிரம்பிவிடுவது. ரிசால்விலும் அதே கதை: 4கே டைம்லைனில் நாய்ஸ் ரிடக்ஷன் போட்டால் ஜிபியு மெமரி போதவில்லை என்ற சிவப்பு எச்சரிக்கை வந்து நிற்கும். அதனால் இரண்டு வேலையும் செய்கிற பெட்டிக்கு, வேகத்தில் ஒரு படி குறைந்தாலும் 12 ஜிபி கார்டை நான் முன்னே வைக்கிறேன். 2021-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, 2024 டிசம்பரில் 249 டாலருக்கு அறிமுகமான இன்டெல் ஆர்க் பி580 இரண்டும் அந்த வகை. ஆர்க்கில் 4:2:2 டீகோடரும் இருக்கிறது. ஆனால் பழைய பிராசஸரோடு சேர்த்தால் கேம்களில் தடுமாறும், பயோஸில் ரீசைசபிள் பார் என்ற அமைப்பு இயக்கத்தில் இருந்தாக வேண்டும். ஆர்டிஎக்ஸ் 5060-க்கு 8 ஜிபிதான். கேமில் 3060-ஐத் தாண்டும், 4:2:2 வகை முழுவதையும் திறக்கும். 1080பி மானிட்டரில் ஆடுபவர், எளிய கிரேடிங் செய்பவர் இதையே எடுக்கலாம். 3060-இலும் 8 ஜிபி மாடல் ஒன்று சந்தையில் உலவுகிறது, மெமரிப் பாதையும் அதில் குறுகியது. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். மலிவு என்று யாராவது ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி காட்டினால் நகர்ந்துவிடுங்கள்: 4 ஜிபி மெமரி, உள்ளே வீடியோ என்கோடர் அறவே கிடையாது. எடிட் செய்பவருக்கு அந்தக் கார்டைப் பொருத்துவதும் பொருத்தாமல் இருப்பதும் ஏறக்குறைய ஒன்று.

ரேமில் 16 ஜிபி தொடக்கம், 4கே-க்கு 32. எதுவானாலும் ஒற்றைக் குச்சியாக வாங்காமல் ஜோடியாக வாங்குங்கள். இரண்டு சானலும் வேலை செய்தால் கேமில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இருக்கும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். அவசர அசெம்பிளியில் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் செருகிக் கொடுத்துவிடுவதும் நடக்கும், கம்ப்யூட்டர் ஓடும், புகார் வராது, ஒரு சானல் மட்டும் வருடக்கணக்கில் சும்மா கிடக்கும். பயோஸில் எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக அமைப்பைப் போடாமல் விட்டால் பல ரேம்கள் அட்டையில் எழுதியிருக்கும் வேகத்துக்கே வராது.

சேமிப்புக்கு 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று, முடிந்த வேலைகளைப் போட்டுவைக்க ஒரு ஹார்ட் டிஸ்க். நாலாம் தலைமுறை எஸ்எஸ்டி விநாடிக்கு 7,000 எம்பி என்று விளம்பரம் செய்யும். மேலே சொன்ன 100 மெகாபிட் கேமராக் கோப்பு ஓட விநாடிக்கு 12.5 எம்பி போதும். வேகத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்காமல் கொள்ளளவுக்குக் கொடுங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் இந்தச் சிக்கனம் கூடாது. கேபினெட்டோடு இலவசமாக வரும் 450 வாட் எஸ்எம்பிஎஸ் உண்மையில் எவ்வளவு தாங்கும் என்று அதைச் செய்தவருக்கே தெரியாது. 12400 முழு வேகத்தில் 117 வாட் வரை இழுக்கும், ஆர்டிஎக்ஸ் 3060 170 வாட். மற்றவை சேர்ந்தால் 350-ஐ ஒட்டி வரும். பெயருள்ள நிறுவனத்தின் 550 வாட், 80 பிளஸ் புரோன்ஸ் போதும். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் வீணாகாத அளவைத்தான் சொல்கிறது, தரத்தைச் சொல்வதில்லை. அதனால் வாரண்டி ஆண்டுகளையும் பாருங்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வகை. கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், மானிட்டரையும் சேர்த்துச் சுமக்க அது திணறும். 1 கேவிஏ வாங்குவது உசிதம்.

இவ்வளவு சிரமத்துக்கு ஒரு மேக் மினி வாங்கிவிட்டால் என்ன? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. எம்4 சிப் வைத்த மேக் மினி 2024-ல் 59,900 ரூபாய்க்கு இந்தியாவில் அறிமுகமானது, எச்.265 4:2:2-ஐ அலட்டாமல் விரிக்கும், சத்தம் இல்லை, மின்சாரச் செலவு குறைவு. எடிட்டிங் மட்டும்தான் என்றால் அதை வாங்குங்கள், இந்த இயலை இத்தோடு மூடிவிடலாம். கேம் என்று வரும்போதுதான் அது கையை விரிக்கிறது: வாலரன்ட் மேக்கில் கிடையாது, விண்டோஸ் கேம்களில் பெரும்பகுதி நேரடியாக ஓடாது, ரேமையும் பிறகு கூட்ட முடியாது. கம்பெனிகள் கழித்துக்கட்டிய பழைய ஐ7 பெட்டியை வாங்கி அதில் கார்டு மட்டும் செருகுவது இன்னொரு யோசனை. ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வமாகத் தகுதி பெறாதவை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் நின்றுவிட்டது. அவற்றின் எஸ்எம்பிஎஸ் பல சமயம் அந்த நிறுவனத்துக்கே உரிய அளவில் இருக்கும், மாற்றப் போனால் வேறு போர்டு, வேறு கேபினெட் என்று செலவு தொடரும். லேப்டாப் இடம் விட்டு இடம் போகிறவருக்கு. அதே பணத்தில் டெஸ்க்டாப் தரும் வேகத்தை அது தராது.

வாங்கும்போது ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் ஜிஎஸ்டி பில்லில் ஏற வேண்டும். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பவர், வாரண்டியையும் சேர்த்தே குறைக்கிறார். அசெம்பிள் முடிந்ததும் மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா, மதர்போர்டிலா என்று பாருங்கள். மதர்போர்டில் இருந்தால் கேம் உள் கிராபிக்ஸில் தவழும். அடுத்தது எளிதில் கண்ணில் படாதது: தனி கார்டு செருகியதும் சில போர்டுகள் பிராசஸரின் உள் கிராபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடும். பயோஸுக்குள் போய் அதை மீண்டும் இயக்கி, விண்டோஸில் இன்டெல் டிரைவரையும் நிறுவி, எடிட்டிங் சாஃப்ட்வேரின் டீகோடிங் அமைப்பில் இன்டெலைத் தேர்ந்தெடுங்கள். பிறகு உங்கள் கேமராவில் எடுத்த கோப்பு ஒன்றை டைம்லைனில் போட்டு, ஜே விசையை அழுத்திப் பின்னோக்கி ஓடவிடுங்கள். பக்கத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஜிபியு பக்கத்தில் வீடியோ டீகோட் என்ற வரைபடத்தைக் கவனியுங்கள். அந்தக் கோடு மேலே ஏறினால் சர்க்யூட் வேலை செய்கிறது. கோடு தரையிலேயே கிடந்து பிராசஸர் நூறு சதவீதத்தைத் தொட்டால், கடைக்காரரிடம் போகும் முன் பயோஸ் அமைப்பை இன்னொரு முறை சரிபாருங்கள்.